ரோந்து ரஸாலி

பலகையின் இடுக்குகளில் மீன் செதில்கள் அப்பியிருந்தன. ஹஸ்மா குத்தவைத்து உட்கார்ந்து தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கத் தேய்க்க வந்துகொண்டே இருந்தன. எத்தனை வருடத்து மீன் என்று யாருக்குத் தெரியும். படகின் ஐஸ் அறையை மூடும் பலகை அது. ஆறரை அடி நீளம், இரண்டடி அகலம். அதே படகில் வேலை செய்யும் அவள் தம்பி ஸுக்ரி அதைத் துறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் குறுக்காகக் கட்டி எடுத்து வந்திருந்தான். வழியில் எதிரே வந்தவர்கள் எல்லாரும் ஒதுங்கி நின்றார்களாம், பலகைக்கு.

"போதும் அக்கா. தேய்ச்சே இளைக்க வச்சிடுவ."

"செதிலோட அவரைப் படுக்க வைக்கவா?"

"பத்து வருஷம் இது மேலதான் படுத்துத் தூங்கினாரு. அப்பல்லாம் குத்தலையாமா?"

ஹஸ்மா இன்னொரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். பழுப்பாக வழிந்தது.

இறந்த உடலை, மையத்தை, குளிப்பாட்டும் கட்டில் தொழுகைக்கூடத்தில் இருக்கிறது. அலுமினியக் கட்டில். மலாய்க் கிராமமான அந்தக் கம்பத்தின் வீடுகள் எல்லாம் சேர்ந்து வாங்கிய கட்டில் அது, ஹஸ்மாவும்தான் கொடுத்தாள். காலையில் ஸுக்ரி போய்க் கேட்டபோது கட்டில் உடைந்திருக்கிறது என்றார்கள்.

"எந்தக் கால் உடைஞ்சிருக்குன்னு கேட்டியா?"

"கேட்டேன். நாலும்னாங்க."

வீட்டுக்குள் முன்னறையில் அவள் கணவன் ரஸாலி பாயில் கிடந்தான். விடியற்காலைத் தொழுகை அழைப்பு முடிந்த பிறகு மூச்சு நின்றது. அதற்கு முந்தைய நிமிடம் தண்ணீர் கேட்டான். கரண்டியால் கொடுத்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் இல்லை. நாற்பத்தொரு வயது. தூக்கினால் பதினைந்து வயதுப் பிள்ளையின் கனம்கூட இருக்காது.

தொழுகைக்கு அழைப்பு விடுக்கும் பெரியவர் தோக் பிலால் சுலோங் வேலிக்கு வெளியே நின்று ஸலாம் சொன்னார். கம்பத்தில் இறக்கும் ஆண்களை இருபது வருடமாகக் குளிப்பாட்டுகிறவர். ஒரு கையில் பிளாஸ்டிக் பை. அதற்குள் பிரிக்காத கையுறைப் பெட்டியும் கருப்புப் பிளாஸ்டிக் சுருளும் தெரிந்தன. இன்னொரு கையில் மூடி போட்ட சின்ன டின்.

"உள்ள வாங்க தோக்."

"இங்கேயே நிக்கிறேன்மா. காத்து நல்லா இருக்கு."

"டின்ல என்ன?"

"மண்ணு. சுத்தமான மண்ணு. நானே சலிச்சேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "தண்ணி ஊத்த முடியாத மையத்துக்குத் தயம்மும் போதும்மா. மண்ணைத் தொட்டு முகத்துலயும் கையிலயும் தடவிட்டா குளிப்பாட்டின கணக்குதான். மார்க்கத்துலயே இடம் இருக்கு."

"தண்ணி ஊத்த முடியாததுன்னா எது?"

"நெருப்புல கருகினது. தொட்டா பிஞ்சு வர்றது."

"இவரு கருகிட்டாரா?"

"வியாதிம்மா."

"என்ன வியாதி?"

தோக் பிலால் வேலிக் கம்பியைப் பார்த்தார். "அந்த வியாதி."

"அதுக்குப் பேரு இருக்கு தோக். நாலு மாசமா ரெண்டு வேளையும் நான்தான் குளிப்பாட்டினேன். போன மாசம் என் ரத்தத்தை எடுத்துப் பார்த்தாங்க. ஒண்ணும் இல்ல. தொட்டா வராது. தட்டுல வராது. குளிச்ச தண்ணியில வராது. ஊசியில வரும். அவர் உடம்புல ஊசி எதுவும் இல்ல, நான் பார்த்துட்டேன்."

"கோபப்படாதே ஹஸ்மா. எனக்கு அறுபத்தெட்டு வயசு. வீட்டுல பேரப்பிள்ளைங்க இருக்கு."

"கையுறை போட்டுக்குங்க. ரெண்டு போட்டுக்குங்க. வேணாம்னு சொல்லல. ஆனா தண்ணி ஊத்துங்க, கையால தொடுங்க. கடல்லயே கிடந்த மனுஷன் தோக். மண்ணு தடவி அனுப்ப விடமாட்டேன். புருஷனைக் குளிப்பாட்டப் பொண்டாட்டிக்கு உரிமை இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அப்ப நான் குளிப்பாட்டுறேன்."

"தனியா முடியாதும்மா." இதை அவர் உண்மையான கவலையோடுதான் சொன்னார். "தூக்கிப் பிடிக்கணும். பக்கவாட்டுல திருப்பணும். கஃபன் துணியில வைக்கணும். உன்னைத் தவிர நாலு ஆம்பளை வேணும். உன் தம்பி ஒருத்தன். மிச்சம் மூணு?"

இருவரும் முற்றத்தைப் பார்த்தார்கள். வாதுமை மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பத்துப் பதினைந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மரத்துக்கும் வீட்டுப் படிக்கும் நடுவே ஒரு முழ அகலத்தில் சாக்கடை ஓடியது. காலையிலிருந்து அதை யாரும் தாண்டவில்லை. அடுத்த வீட்டு மெக் சோம் காப்பி போட்டுக் கொண்டுவந்திருந்தாள், தன் வீட்டுப் பாத்திரத்தில், தூக்கி எறியும் காகிதக் குவளைகளில். குவளைகள் காலியானதும் அவளே பொறுக்கிப் பையில் கட்டி வைத்தாள்.

"அஸர் தொழுகை வரைக்கும் பார்ப்போம். ஆள் வந்தா தண்ணி. வரலைன்னா..." தோக் பிலால் டின்னை வேலித் தூணின் தலையில் வைத்தார். "அதுக்கு மேல மையத்தை வச்சிருக்கக் கூடாதும்மா."

ஹஸ்மா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டே கால். அஸருக்கு இன்னும் இரண்டு மணி நேரம்.

•

சமையலறையில் ஸுக்ரி இலந்தை இலையை அம்மியில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தான். குளிப்பாட்டும் தண்ணீரில் கரைக்க. அலமாரியின் கீழ்த்தட்டில் புடு ஜாடிகள் வரிசையாக இருந்தன. நெத்திலியை உப்பில் ஆறு மாதம் ஊற வைத்து எடுக்கும் குழம்பு. சாலையோரத்தில் மேசை போட்டு அதை விற்பதுதான் ஹஸ்மாவின் தொழில். மூடியைத் திறந்தால் மூன்று வீடு தள்ளி நாய் எழுந்து நிற்கும்.

பதினாறு மாதத்துக்கு முன்னால் கிளினிக்கில் அந்த ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்த அன்று ரஸாலி இந்தச் சமையலறையில்தான் உட்கார்ந்திருந்தான். மாத்திரை கொடுத்தார்கள். மாதத்தில் முதல் செவ்வாய்க்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஆனால் கிளினிக் செவ்வாய்க்கிழமையைப் பார்த்து நடந்தது, படகு நிலவைப் பார்த்து நடந்தது. முழுநிலவில் மீன் விளக்குக்கு வராது. அந்த நாலைந்து நாள்தான் கரை; மற்றபடி பத்துப் பத்து நாள் நடை, நடுவில் மீன் இறக்க ஒரு ராத்திரி. செவ்வாய்க்கிழமை அதற்குள் விழுந்தால் மாத்திரை உண்டு. விழாத மாதங்களில் ஹஸ்மா போய்க் கேட்டாள். ஆளைக் கூட்டி வா என்றார்கள். ஆள் நாற்பது மைல் தள்ளிக் கடலில் இருந்தான்.

போதை ஊசியை விடச் சொல்லவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. சொன்னாள். அழுதாள், பூட்டி வைத்தாள், ஒருமுறை உலக்கையால் அடித்தாள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் கமாருலிடம் போனாள். கமாருல் சனிக்கிழமைதோறும் காப்பிக்கடைக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் புது ஊசி கொடுத்துப் பழையதை வாங்கிப் போகிறவன். அவனும் ஒரு காலத்தில் ஊசி போட்டவன்தான். ஒரு நடைக்குப் பத்து என்று வாங்கி வந்து ரஸாலியின் பையில் வைத்தாள். அவன் எடுத்து வெளியே வைத்தான்.

"துறையில பையைக் கொட்டிப் பார்க்கிறாங்க ஹஸ்மா. ஊசி இருந்தா போதும், உள்ள தள்ளிடுவாங்க. மருந்துகூட இருக்க வேண்டியதில்ல."

"மருந்து மட்டும் எப்படிப் போகுது?"

"அது எங்க தலைவர் பாக் மான் பார்த்துக்குவாரு. பொட்டலம் சின்னது. ஊசி நீளம்."

அன்றைக்குத்தான் அவள் புடு ஜாடியை எடுத்தாள். பத்து ஊசியையும் பிளாஸ்டிக்கில் சுற்றி, மெழுகால் ஒட்டி, ஜாடியின் அடியில் வைத்து மேலே புடுவை ஊற்றி மூடினாள். துறையில் போலீஸ்காரன் மூடியைத் திறந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போ போ" என்றான். ரஸாலி அதைப் பத்து தடவையாவது நடித்துக் காட்டியிருப்பான், மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு.

ஒவ்வொரு நடையும் ஜாடி காலியாகத் திரும்பி வந்தது. ஹஸ்மாவுக்கு நிம்மதியாக இருந்தது. நாளுக்கு ஒன்று, புதியது, அவனுக்கு மட்டும். ஒன்று மட்டும் புரியவில்லை. முழங்கை மடிப்பில் புண் ஆறவே இல்லை. தோல் கிழிந்து கிழிந்து ஒட்டியிருந்தது. புது ஊசி இப்படிக் கிழிக்காதே என்று கேட்டதற்கு, "படகு ஆடுதுல்ல" என்றான்.

•

மூன்று மணிக்குத் தெக்கோங் டெராமான் வந்தார். ரஸாலியின் படகுக்குத் தலைவர். பாக் மான் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். வெள்ளைத் தொப்பி, மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை. வெயில் கொளுத்தினாலும் கையை மடித்துவிட மாட்டார். கூடவே படகின் மற்ற மூன்று பேரும். அவர்களும் வாதுமை மரத்தடியிலேயே உட்கார்ந்தார்கள். ஒருவர் அவருக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தார்.

சமையலறைச் சன்னலின் மரச்சட்டங்கள் வழியாகப் பேச்சு உள்ளே வந்தது.

"எங்க ரோந்து போயிட்டான்" என்றார் பாக் மான்.

"ரோந்தா?"

"உங்களுக்குத் தெரியாதா? ரோந்து ரஸாலி. கடல்ல ஒரு வெளிச்சம் தெரியக்கூடாது அவனுக்கு. நட்சத்திரம் கொஞ்சம் பளிச்சுனு இருந்தாலும் 'போலீஸ் படகு! போலீஸ் படகு!'ன்னு கத்துவான். கையில இருக்கிறதைக் கடல்ல வீசிட்டு இன்ஜின் ரூமுக்குள்ள போய் ஒளிஞ்சுக்குவான்."

சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரிக்கிற அளவுக்கு.

"ஒருதடவை நிலா உதிக்குது. அதையே பார்த்துக் கத்தினான்யா!"

"இன்னொரு தடவை இறா படகு. நம்ம ஹாருன் படகு. கிட்ட வந்ததும் அவன் கேக்கறான், ஏன்டா எல்லாரும் கையைத் தூக்கிட்டு நிக்கிறீங்கன்னு."

"பயந்தாங்கொள்ளி. ஆனா நல்ல இன்ஜின்காரன்" என்றார் பாக் மான். "அல்லா மன்னிக்கட்டும். அவனா தேடிக்கிட்டது."

ஹஸ்மா சன்னலை விட்டுத் திரும்பினாள். ஸுக்ரி தலையைத் தூக்காமல் இலையை நசுக்கிக்கொண்டிருந்தான்.

"கையில இருந்த எதை வீசினாரு?"

"விடுக்கா."

"எதைடா?"

"ஊசியை."

அம்மிக்குழவி நின்றது. வெளியே யாரோ இருமினார்கள்.

"படகுல ஒரு ஊசிதான்" என்றான் ஸுக்ரி. "பாக் மான் சட்டம் அது. போலீஸ் படகு வந்தா ஒண்ணை வீச ஒரு நிமிஷம். ஆளுக்கொண்ணு வச்சிருந்தா ஆறையும் தேடிப் பொறுக்கி வீசறதுக்குள்ள கயித்தைப் போட்டு ஏறிடுவாங்க. அந்தப் பலகைக்கு அடியில ஒரு இடுக்கு இருக்கு. அங்கதான் இருக்கும். வலை இழுத்து முடிச்சதும் முறைப்படி. பாக் மான் முதல்ல. இன்ஜின்காரர் ரெண்டாவது. அப்புறம் வலைக்காரங்க. நான் கடைசி. கடல் தண்ணியில ஒரு அலசு, அவ்வளவுதான்."

"அவரு ரெண்டாவது."

"முன்னாடி. அப்புறம் எனக்கு இடம் விட்டுட்டாரு. 'நீ முன்னாடி போடா, எனக்கு அவசரமில்ல'ன்னு. எனக்கும் பின்னாடி போயிட்டாரு. கடைசியில வர்றப்ப முனை மழுங்கிப் போயிருக்கும். எல்லாரும் சிரிப்பாங்க, இவனுக்கு மழுங்கினதுதான் பிடிக்குதுன்னு."

"எப்பயிலேருந்து?"

"ஒன்றரை வருஷம் இருக்கும். அதுக்குக் கொஞ்சம் கம்மி."

"கத்துறது? போலீஸ்னு கத்துறது?"

"அதுவும் அப்பயிலேருந்துதான்."

"அவரு முறை முடியறதுக்கு முன்னாடி கத்துவாரா, அப்புறமா?"

ஸுக்ரி யோசித்தான். யோசிக்கும்போதே அவன் முகம் மெல்ல மாறியதை அவள் பார்த்தாள்.

"அப்புறம்" என்றான். "எப்பவும் அப்புறம்தான்."

"மறுநாள் ஊசிக்கு என்ன பண்ணுவீங்க?"

"அவரே எங்கேருந்தாவது புதுசு ஒண்ணு கொண்டுவருவாரு. எங்கேருந்துடான்னு பாக் மான் கேட்டா, மீன் வயித்துல இருந்துச்சுன்னு சொல்வாரு."

"புதுசை முதல்ல யாருக்குக் கொடுப்பாரு?"

"பாக் மானுக்குதான். முறை."

ஹஸ்மா முன்னறைக்குப் போனாள். துணியை விலக்கி ரஸாலியின் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல்கள் விறைத்திருந்தன. முழங்கை மடிப்பில் கிழிந்து ஒட்டிய அந்தத் தோல். பத்து ஊசி. தான் பிளாஸ்டிக்கில் சுற்றி, மெழுகு வைத்து, ஒரு சொட்டுப் புடு உள்ளே போகாமல் பார்த்துப் பார்த்து அனுப்பிய பத்து ஊசி. ஒவ்வொன்றும் ஐந்து பேரைத் தாண்டி ஆறாவதாகத்தான் இவனிடம் வந்திருக்கிறது. அதற்கு மேல் யாரிடமும் போகவில்லை.

வியாதியைப் படகில் சொல்லியிருக்கலாம். சொன்னால் இறக்கிவிட்டிருப்பார்கள். அவனுக்கு முன்னால் ஒருவனை அப்படித்தான் இறக்கிவிட்டார்கள். அவன் சாப்பிட்ட தட்டைக் கடலில் எறிந்ததை ரஸாலியே சொல்லியிருக்கிறான்.

"உனக்குன்னு கொடுத்தேன்டா, பாவி" என்றாள் மெதுவாக. கல்யாணம் ஆகிப் பதினேழு வருடத்தில் அவனை அவள் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.

கையைத் திரும்ப வைத்துத் துணியை இழுத்துவிட்டாள். சமையலறைக்குப் போய்க் கீழ்த்தட்டிலிருந்து ஒரு காலி ஜாடியை எடுத்தாள்.

•

அவள் சாக்கடையைத் தாண்டி வந்ததும் நாற்காலிகள் கொஞ்சம் பின்னால் நகர்ந்தன. காப்பிக் குவளைகள் இருந்த மேசையில் ஜாடியை வைத்தாள்.

"பாக் மான், ரோந்துக் கதை நல்லா இருந்துச்சு. பாதியில நிறுத்திட்டீங்க."

"ஹஸ்மா, மனசுல வச்சுக்காதே. சும்மா பழைய ஞாபகத்துல..."

"அவரு கத்துறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஊசி யார் கையில இருந்துச்சு?"

பாக் மான் சுற்றிலும் பார்த்தார். கம்பத்து ஆண்கள் தங்கள் செருப்புகளைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். சத்தமாகச் சொன்னதுதான் புதிது.

"பொம்பளை பேசற பேச்சா இது?"

"நீங்க சொல்லலைன்னா நான் சொல்றேன். அவர் கையில இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும். அவரு போட்டு முடிச்ச பிறகுதான் போலீஸ் வரும். அவரு ரத்தம் பட்ட ஊசி மறுநாள் உங்க கைக்கு வந்துடக் கூடாதுன்னு வீசினாரு. மறுநாளுக்குப் புதுசு இந்த ஜாடியிலேருந்து வந்துச்சு. நான் வச்சு அனுப்பினேன், அவருக்குன்னு. அவரு உங்களுக்குக் கொடுத்தாரு. உங்களுக்கு முதல்ல."

மெக் சோம் குவளைப் பையைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"அவருக்கு வியாதி இருக்குன்னு தெரியறதுக்கு முன்னாடி எப்படியோ, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. பார்த்தாத்தான் தெரியும். ஆனா அதுக்கப்புறம் ஒரு வருஷம் அவரு மூலமா ஒருத்தருக்கும் போகல." அவள் குரல் உயரவில்லை. "நாலு மாசமா அவரு கரையில படுத்துக் கிடந்தாரு. இந்த நாலு மாசமா உங்க படகுல யாரு போலீஸைப் பார்த்துக் கத்தினாங்க?"

வலைக்காரர்களில் ஒருவன் எழுந்து நின்றான். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் அப்படியே நின்றான்.

"யாரும் கத்தல" என்றான் ஸுக்ரி, படியிலிருந்து. "ஒரே ஊசி. நடை முழுக்க."

"அவரைத் தொட பயமா இருக்கா?" என்றாள் ஹஸ்மா. "அவருகிட்ட இப்ப வாங்கிக்க ஒண்ணும் இல்ல. பயப்பட வேண்டியது அந்தப் பலகை இடுக்கைப் பார்த்து. பலகை இங்கதான் இருக்கு, நல்லா தேய்ச்சு வச்சிருக்கேன். பின்னால தண்ணியும் நிரப்பி வச்சிருக்கேன். மூணு பேர் வேணும். ஒரே ஊசியை வாங்கின கை ஒரு வாளியை வாங்காதா?"

ஜாடியை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். சாக்கடையைத் தாண்டினாள். பின்னால் காலடி கேட்கிறதா என்று நின்று பார்க்கவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கே பாத்திக் துணிகளைக் கயிற்றில் தொங்கவிட்டு மறைப்புக் கட்டியிருந்தது. நடுவே இரண்டு மரப்பெட்டிகளின் மேல் பலகை, தலைப்பக்கம் கொஞ்சம் உயரமாக.

நின்றாள். கோழி ஒன்று மறைப்புக்கு அடியில் புகுந்து வந்தது. விரட்டினாள்.

மூன்று நாற்பது.

துணியை ஒதுக்கிக்கொண்டு முதலில் தோக் பிலால் தலையை நீட்டினார். கையுறைப் பெட்டியைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தார்.

"பேரப்பிள்ளைங்க?" என்றாள் ஹஸ்மா.

"வீட்டுக்குப் போனதும் குளிச்சிட்டுத் தூக்கிக்கிறேன்" என்றார். "தள்ளு. தலைப்பக்கம் இன்னும் ரெண்டு விரல் ஏத்தணும். தண்ணி காதுல நிக்கும்."

அவருக்குப் பின்னால் பாக் மான். மறைப்புக்குள் வந்து நின்று, வலது மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினார். பிறகு இடது. சட்டைக் கையை மடிப்பு மடிப்பாக முழங்கைக்கு மேல் ஏற்றினார். யாரும் அந்தக் கையைப் பார்க்கவில்லை. எல்லாரும் பார்த்தார்கள். எழுந்து நின்றவனும் இன்னொருவனும் ஸுக்ரியோடு ரஸாலியைத் தூக்கி வந்தார்கள். மூன்றாவது வலைக்காரன் மட்டும் வரவில்லை. வாதுமை மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

•

தோக் பிலால் சொல்லச் சொல்லச் செய்தார்கள். முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். இலந்தை நீர், வெறும் நீர், கடைசியில் கற்பூர நீர். மூன்று முறை. ஹஸ்மா கைகளைக் கழுவினாள். முழங்கை மடிப்பை விரல் நுனியால் சுற்றிச் சுற்றிக் கழுவினாள். தண்ணீர் பலகையின் இடுக்குகள் வழியாகக் கீழே சொட்டியது.

பாக் மான் தலையைப் பிடித்திருந்தார். தோக் பிலால் ஈரத்துணியால் பற்களைத் துடைத்தார். மேல்வரிசையில் முன்பல் ஒன்று பாதிதான் இருந்தது.

இன்ஜின் ரூமில் வழுக்கி விழுந்ததாக ரஸாலி சொன்ன பல்.

"இது நான்" என்றார் பாக் மான். "மூணாவது தடவை வீசினப்ப."

ஹஸ்மா வாளியை எடுத்தாள். "தலையை நிமித்திப் பிடிங்க பாக் மான். தண்ணி மூக்குல போகுது."

அவர் நிமிர்த்திப் பிடித்தார்.

அஸர் அழைப்பு கேட்டபோது மூன்று வெள்ளைத் துணிகளுக்குள் ரஸாலி கட்டப்பட்டிருந்தான். கருப்புப் பிளாஸ்டிக் சுருள் பிரிக்கப்படாமல் கிணற்றடியில் கிடந்தது. முற்றத்திலிருந்து மேலும் ஐந்தாறு பேர் சாக்கடையைத் தாண்டி வந்து மையத்தைத் தூக்கினார்கள். தாண்டாதவர்கள் தாண்டாமலேயே நின்று கைகளை ஏந்தினார்கள். ஹஸ்மா வாசல் வரைக்கும் போனாள். சாலையின் வளைவில் வெள்ளைத் தொப்பிகள் மறையும்வரை நின்றாள்.

வேலித் தூணின் மேல் டின் அப்படியே இருந்தது. அதை எடுத்துத் திறந்து செம்பருத்தியின் தூரில் கொட்டினாள். நன்றாகத்தான் சலித்திருந்தார்.

•

வெயில் தாழ்ந்திருந்தது. ஹஸ்மா பலகையைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பாக் மான் பின்வாசலில் வந்து நின்றார். கபர்ஸ்தானின் சிவப்பு மண் அவர் கால்விரல்களில் ஒட்டியிருந்தது. சட்டைக் கை இன்னும் மடித்தபடியே இருந்தது.

"பலகை வேணுமா?"

"காயட்டும். அவசரமில்ல."

அவள் தேய்த்தாள். ஓரத்தில் அந்த இடுக்கு இருந்தது. அரை விரல் அகலம். அதற்குள் நார் போகவில்லை. ஒரு குச்சியை நுழைத்துச் சுத்தம் செய்தாள். செதில்தான் வந்தது.

"ஞாயித்துக்கிழமை கிளம்பணும், இல்ல?" என்றாள். "நிலவு தேய ஆரம்பிச்சாச்சு."

அவர் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு கடல் பக்கம் பார்த்தார். கடல் அங்கிருந்து தெரியாது. தென்னைகளுக்கு மேல் வெளிச்சம் மட்டும் தெரியும்.

"இந்தத் தடவை புதன்கிழமைதான் போறோம்" என்றார். "முதல் செவ்வாய் வருதுல்ல. பசங்களுக்குக் கரையில வேலை இருக்கு."

ஹஸ்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்." போவதற்குத் திரும்பி, பிறகு நின்று கேட்டார். "உன்கிட்ட புடு இருக்கா?"

"எத்தனை பேருக்கு?"

"அஞ்சு."

அவர் போன பிறகு அவள் சமையலறைக்குப் போய்க் கீழ்த்தட்டிலிருந்து நாலு ஜாடிகளை எடுத்து வந்தாள். ஐந்தாவது முற்றத்து மேசையில் காகிதக் குவளைகளுக்கு நடுவே அப்படியே இருந்தது. அதையும் எடுத்து வந்தாள். ஒவ்வொன்றாகச் சாம்பல் போட்டுத் துலக்கி அலசினாள். பலகையில் கடைசி வெயில் விழும் பக்கமாகப் பார்த்து, ஐந்தையும் வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள்.